புள்ளிகளைவிட பிளாக்குகள் அதிகம்: 7 அடி 7 அங்குல மனூட் போல் சம்பாதித்த பணமெல்லாம் எங்கே போனது?

ஒரு கூடைப்பந்து வீரரின் வாழ்நாள் கணக்கைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அவர் எடுத்த புள்ளிகள்தான். மனூட் போலின் கணக்கில் அது 1,599. பத்து சீசன், 624 ஆட்டங்களுக்கு இது ரொம்பவே குறைவு. ஓர் ஆட்டத்துக்கு மூன்று புள்ளிகூடத் தேறாது. ஒரு நட்சத்திர வீரர் ஒரே சீசனில் இந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடுவார்.

ஆனால் அதே வரிசையில் கொஞ்சம் தள்ளி இன்னொரு எண் இருக்கிறது: 2,086. எதிரணிக்காரர்கள் கூடையை நோக்கி எறிந்த பந்தை நடுவழியிலேயே அவர் தட்டிவிட்ட எண்ணிக்கை அது. கூடைப்பந்து மொழியில் ‘பிளாக்’. அமெரிக்காவின் என்பிஏ லீகில் இத்தனை காலம் ஆடி, போட்ட புள்ளிகளைவிடத் தடுத்த பந்துகள் அதிகம் என்ற கணக்கோடு ஓய்வு பெற்றவர் இவர் ஒருவர்தான்.

யூடியூபில் அவர் பெயரைத் தேடினால் வருவதெல்லாம் சிரிப்பு வீடியோக்கள்தான். குட்டையான வீரர் பக்கத்தில் நிற்கும் படம், தலைக்கு மேலிருந்து விநோதமாகப் பந்தை எறியும் காட்சி, பாக்ஸிங் மேடை. அந்தச் சிரிப்பை வைத்து அந்த மனிதர் என்ன செய்தார் என்பது அந்த வீடியோக்களில் வருவதில்லை.

எவ்வளவு உயரம்?

7 அடி 7 அங்குலம், அதாவது 231 சென்டிமீட்டர். நம் வீட்டு வாசல் நிலையே பெரும்பாலும் 7 அடிதான். அதற்கு மேலும் அரை அடிக்கு மேல் மிச்சம் இருக்கும் ஆள். இரண்டு கைகளையும் விரித்தால் 8 அடி 6 அங்குலம். கூடை தொங்குவது 10 அடி உயரத்தில் என்பதால், குதிக்காமல் நின்ற இடத்திலிருந்தே அவரால் வளையத்தைத் தொட முடியும். எடையோ சுமார் 90 கிலோதான். தூரத்திலிருந்து பார்த்தால் மூங்கில் கழிக்கு ஜெர்சி மாட்டிவிட்டது போலத்தான் இருக்கும்.

என்பிஏ வரலாற்றிலேயே உயரமானவர் என்ற இடத்தை இவரோடு பகிர்ந்துகொள்பவர் ருமேனியாவின் கியோர்கே முரேசன். அவருக்கும் அதே 7 அடி 7 அங்குலம். ஆனால் இருவரின் உயரமும் ஒரே வகை அல்ல. முரேசனுக்கு பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறால் வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தது. போலின் உயரம் பரம்பரைச் சொத்து. அவர் பிறந்த டிங்கா இனம் உலகின் மிக உயரமான மக்கள் கூட்டங்களில் ஒன்று. அம்மா 6 அடி 10 அங்குலம், அப்பா 6 அடி 8 அங்குலம் என்பார் போல். கொள்ளுத் தாத்தா தன்னைவிடவும் உயரம் என்றும் சொல்வார். அதை அளந்து பார்த்தவர் யாரும் இல்லை!

மாடு மேய்த்த பையன்

இன்றைய தெற்கு சூடானில் துராலேய் என்ற ஊரைச் சுற்றியுள்ள பகுதிதான் போலின் பூர்விகம். டிங்கா மக்களுக்கு மாடுதான் எல்லாம். சொத்து, சீர், கௌரவம் எல்லாமே மாட்டுக் கணக்கில்தான். போலும் மாடு மேய்த்தே வளர்ந்தார். டிங்கா வழக்கப்படி கீழ்வரிசைப் பற்கள் சில பிடுங்கப்பட்டன, நெற்றியில் கீறல் தழும்புகள் போடப்பட்டன. மாடுகளைத் தாக்க வந்த சிங்கத்தை ஈட்டியால் குத்திக் கொன்றவர் என்ற கதை அமெரிக்காவில் அவரைச் சுற்றி ரொம்ப நாள் ஓடியது. அவரிடமே கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், சிங்கம் அப்போது தூங்கிக்கொண்டிருந்தது என்பது.

முதலில் ஆடியது ஃபுட்பால். ஆள் வளர்ந்த வேகத்தில் அது சரிப்படவில்லை. உறவினர் ஒருவர் சொல்லித்தான் கூடைப்பந்து பக்கம் வந்தார். முதல்முறை பந்தை வளையத்துக்குள் திணிக்கப் போய்ப் பல்லை உடைத்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. பிறகு தலைநகர் கார்ட்டூமில் ஆடப் போனார். வடக்கு சூடான்காரர்கள் நிறைந்த அந்த ஊரில், தெற்கிலிருந்து வந்த கறுத்த, நெட்டையான பையன் கேலிக்கும் ஒதுக்கலுக்கும் ஆளானார்.

பாஸ்போர்ட்டில் 5 அடி 2 அங்குலம்

1982-ல் டான் ஃபீலி என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பயிற்சி முகாம் நடத்த சூடானுக்கு வந்தார். போலைப் பார்த்தவர் விடவில்லை, அமெரிக்காவுக்கு வரச் சொல்லிவிட்டார். 1983 என்பிஏ டிராஃப்ட்டில் அன்றைய சான் டியாகோ கிளிப்பர்ஸ் அணி 97-வது தேர்வாக போலை எடுத்தது. ஆனால் விதிப்படி முன்கூட்டியே பெயர் பதிவு செய்யவில்லை என்று என்பிஏ அந்தத் தேர்வை ரத்து செய்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் பாஸ்போர்ட் சமாச்சாரம் வெளியே வந்தது. அதில் அவருடைய உயரம் 5 அடி 2 அங்குலம் என்று இருந்தது. எப்படி என்று கேட்டால், அளக்கும்போது நான் உட்கார்ந்திருந்தேன் என்பாராம் போல்.

வயது விஷயமும் இப்படித்தான். பதிவுகளில் பிறந்த தேதி 1962 அக்டோபர் 16. பிறப்புச் சான்றிதழெல்லாம் கிடையாது. அவரைத் தன் அணிக்குச் சேர்க்க முயன்ற கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பயிற்சியாளர் கெவின் மேக்கி, அந்தத் தேதியைத் தானே உத்தேசமாகப் போட்டதாகப் பின்னாளில் சொன்னார். உண்மையில் போலுக்கு இன்னும் பல வயது கூட இருக்கலாம் என்பது அவருடைய வாதம். அது உண்மை என்றால், என்பிஏவில் அவர் செய்ததெல்லாம் இன்னும் பெரிய விஷயம்.

ஆங்கிலம் படிக்க நேரம் எடுத்தது. கிளீவ்லாந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 1984-85-ல் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் பல்கலைக்கழகம் என்ற சின்ன இடத்தில் ஆடினார். அதுவரை ஐந்நூறு, அறுநூறு பேர் வந்த அரங்கில் 1,800 இருக்கைகளும் நிரம்பத் தொடங்கின. 1985 டிராஃப்ட்டில் 31-வது தேர்வாக அவரை வாஷிங்டன் புல்லட்ஸ் எடுத்தது.

397: ஏன் இது பெரிய எண்?

பிளாக் என்பது உயரம் இருந்தால் போதும், கை நீட்டினால் வந்துவிடும் என்று தோன்றலாம். அப்படி இல்லை. எறிந்த பந்து மேலே ஏறும்போது மட்டும்தான் அதைத் தொடலாம். உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிவிட்டால், அல்லது வளையத்துக்கு நேர் மேலே வந்துவிட்டால் கை வைக்கக் கூடாது. வைத்தால் ‘கோல்டெண்டிங்’, கூடை விழுந்ததாகவே எண்ணி எதிரணிக்குப் புள்ளி போய்விடும். ஆளின் மேல் கை பட்டால் ஃபவுல். ஆறு ஃபவுல் ஆனால் வெளியே. ஆக, பந்து கையை விட்டுக் கிளம்பி ஏறும் அந்த ஒரு நொடிக்குள் வேலை முடிய வேண்டும்.

போலுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. மற்றவர்கள் குதித்துத்தான் தடுக்க வேண்டும். எப்போது குதிப்பது என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் காற்றில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இவர் குதிக்கவே தேவையில்லை. பந்து கிளம்பும்வரை காத்திருந்து கையை நீட்டினால் போதும். ஒருவரைத் தடுத்துவிட்டு, சிதறிய பந்தை எடுத்து எறியும் அடுத்தவரையும் தடுக்க முடிந்தது இதனால்தான்.

முதல் சீசனான 1985-86-ல் 80 ஆட்டங்களில் 397 பிளாக்குகள். ஓர் ஆட்டத்துக்கு ஐந்து! அறிமுக வீரர் ஒருவரின் அதிகபட்சம் என்ற அந்தச் சாதனை இன்றும் அப்படியே நிற்கிறது. எல்லா வீரர்களையும் சேர்த்துப் பார்த்தாலும், ஒரே சீசனில் இதைவிட அதிகம் செய்தவர் ஒருவர்தான்: அதற்கு முந்தைய ஆண்டு 456 பிளாக்குகள் போட்ட யூட்டா அணியின் மார்க் ஈட்டன். ஓர் ஆட்டத்தில் 15, ஒரே கால்பகுதியில் 8 என்று போல் செய்தவை தனி.

ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய கணக்கு ஒன்று. 7 அடி 4 அங்குலம் உயரமுள்ள பிரான்ஸ் வீரர் விக்டர் வெம்பன்யாமா 2023-24-ல் தன் முதல் சீசனிலேயே லீகில் முதலிடம் பிடித்தார். அவர் போட்டவை 71 ஆட்டங்களில் 254. திறமையில் வெம்பன்யாமா பல மடங்கு மேல், அதில் சந்தேகமே வேண்டாம். ஆட்டம்தான் மாறிவிட்டது. போல் வந்த காலத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் மூன்று, நான்கு முறைதான் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும். மற்ற நேரமெல்லாம் எல்லோரும் கூடைக்குப் பக்கத்தில்தான் முட்டிமோதுவார்கள். அதாவது, போலின் கைக்கு எட்டும் தூரத்தில். இன்று ஓர் அணி சுமார் 35 முறை வெளியிலிருந்து எறிகிறது. உயரமானவர் கூடைக்கடியில் நின்றுகொண்டே இருந்தால் தலைக்கு மேலே பந்து பறந்துபோகும்.

வேடிக்கைப் பொருளா, ஆட்டக்காரரா?

1987-ல் புல்லட்ஸ் அணி மக்சி போக்ஸை எடுத்தது. அவர் 5 அடி 3 அங்குலம், என்பிஏ வரலாற்றிலேயே குள்ளமானவர். இருவருக்கும் இடையே 2 அடி 4 அங்குல வித்தியாசம். இருவரையும் ஒன்றாக நிறுத்தி எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. டிக்கெட் விற்க உதவியிருக்கும். ஆனால் அது இரண்டு பேருக்குமே நியாயம் செய்யவில்லை. போக்ஸ் பின்னாளில் 14 சீசன் ஆடிய கெட்டிக்கார பாயின்ட் கார்டு.

1988-ல் போல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் டான் நெல்சன் விதிமுறைப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு யோசிக்கும் ஆள். தாக்குதலின்போது போல் கூடைக்கடியில் நின்றால் பலமான எதிரிகள் அவரைத் தள்ளிவிடுகிறார்கள், இடமும் அடைபடுகிறது. சரி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நில், ஆளில்லாமல் இருந்தால் எறி என்று சொல்லிவிட்டார். அந்த சீசனில் போல் 91 முறை எறிந்து 20 போட்டார். இது மோசமான சராசரிதான். ஆனாலும் ஒவ்வொரு முறை அவர் பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும்போதும் அரங்கமே எழுந்து நின்றது. சிரித்தார்கள், கைதட்டினார்கள். அதே சீசனில் பிளாக் கணக்கில் லீகில் முதலிடம் பிடித்ததும் அவர்தான் என்பது பலருக்கு ஞாபகம் இல்லை.

1993 மார்ச் 3-ம் தேதி பிலடெல்பியா அணிக்காக ஃபீனிக்ஸ் ஊரில் ஆடியபோது, இரண்டாம் பாதியில் மட்டும் 6 மூன்று புள்ளிக் கூடைகளைப் போட்டார். சொந்த அணிக்கு எதிராகவே ஃபீனிக்ஸ் ரசிகர்கள் ‘எறி, எறி’ என்று கத்தினார்கள். ஏழடிக்காரர் வெளியே நின்று எறிவது அன்று காமெடி. இன்று அது வெம்பன்யாமாவின் அன்றாட வேலை.

பணம் எங்கே போனது?

போல் அமெரிக்கா வந்த 1983-ல்தான் சூடானில் இரண்டாவது உள்நாட்டுப் போர் வெடித்தது. வடக்கின் அரசும் தெற்கின் கிளர்ச்சிப் படையும் மோதிய அந்தப் போர் 2005 வரை, 22 ஆண்டுகள் நடந்தது. சுமார் 20 லட்சம் பேர் போரிலும் பஞ்சத்திலும் நோயிலும் செத்தார்கள். போல் எதிரணியின் பந்துகளைத் தட்டிக்கொண்டிருந்த காலம் முழுக்க அவர் ஊரில் மாடுகள் கொள்ளை போயின, வீடுகள் எரிந்தன. தன் சொந்தபந்தத்தில் மட்டும் சுமார் 250 பேரை இழந்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

சீசன் இல்லாத நாட்களில் அகதி முகாம்களுக்குப் போனார். வாஷிங்டனில் எம்பிக்களைப் பார்த்து சூடானைப் பற்றிப் பேசினார். அன்று அமெரிக்காவில் அந்தப் போரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களே குறைவு. உறவினர்களுக்கு, அகதிகளுக்கு, தெற்கின் விடுதலை இயக்கத்துக்கு என்று கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். பல மில்லியன் டாலர். என்பிஏவில் சம்பாதித்ததில் பெரும்பகுதி அப்படித்தான் கரைந்தது. சூதாடியோ, கார் வாங்கியோ பணத்தைத் தொலைத்த விளையாட்டு வீரர்களின் கதை நிறையக் கேட்டிருப்போம். இது அந்த ரகம் இல்லை. அதே நேரம், விடுதலை இயக்கத்துக்குப் போன பணம் போருக்கும் போயிருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1995-ல் என்பிஏ வாழ்க்கை முடிந்தது. சிறிய லீக், இத்தாலி என்று கொஞ்ச நாள் ஆடினார். மூட்டுவலி விடவில்லை.

கார்ட்டூமில் சிக்கிய ஆண்டுகள்

1990-களின் பிற்பகுதியில் சமாதானம் வரும் என்ற நம்பிக்கையில் போல் கார்ட்டூமுக்குத் திரும்பினார். எந்த அரசை எதிர்த்துப் பணம் கொடுத்தாரோ, அதே அரசின் தலைநகரம்! விளையாட்டு அமைச்சர் பதவி தருவதாகச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை: கிறிஸ்தவரான அவர் இஸ்லாத்துக்கு மாற வேண்டும். மறுத்துவிட்டார். பதவி போனது மட்டுமல்ல, நாட்டைவிட்டு வெளியேறவும் விடவில்லை. அமெரிக்க உளவாளி என்று சந்தேகம் வேறு. கையில் காசில்லாமல், குடும்பத்தோடு மாட்டிக்கொண்டார்.

2001-ல் கனெக்டிகட்டில் இருந்த பழைய நண்பர்களும், அந்த மாநில செனட்டர் ஜோ லீபர்மேனும் முயன்று விமான டிக்கெட்டுக்குப் பணம் திரட்டினார்கள். குடும்பம் கெய்ரோ போய்ச் சேர்ந்தது. அங்கே மாதக்கணக்கில் காத்திருந்து, 2002-ல் அகதியாக அமெரிக்காவுக்குள் வந்தார். பத்தாண்டு அந்த நாட்டின் டிவியில் தெரிந்த முகம், இப்போது அகதி விண்ணப்பத்தோடு.

ஏன் அந்த பாக்ஸிங்?

2002-ல் ஃபாக்ஸ் டிவியில் ‘செலிபிரிட்டி பாக்ஸிங்’ என்று ஒரு நிகழ்ச்சி. போலுக்கு எதிரே ‘ஃப்ரிட்ஜ்’ என்று பட்டப்பெயர் வாங்கிய முன்னாள் அமெரிக்க ஃபுட்பால் வீரர் வில்லியம் பெர்ரி. மெலிந்த நெட்டையரும் பருத்த பெர்ரியும் மேடையில் தடுமாறுவதைப் பார்த்து நாடே சிரித்தது. போல் ஜெயித்தார். அவர் போட்ட ஒப்பந்தம் வேறு: தெற்கு சூடானுக்காக அவர் தொடங்கிய ரிங் ட்ரூ அறக்கட்டளையின் தொலைபேசி எண்ணைத் திரையில் காட்ட வேண்டும். கிடைத்த பணமும் அங்கேதான் போனது.

அதே ஆண்டு இண்டியானாபோலிஸ் ஐஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியில் ஒரு நாள் ஒப்பந்தம். ஸ்கேட்டிங்கே தெரியாது. அடுத்த ஆண்டு ஜாக்கி உடை போட்டுக் குதிரைப் பந்தய மைதானத்தில் போஸ் கொடுத்தார். அவமானம் என்று அன்றைக்கே எழுதியவர்கள் உண்டு. என் உடம்பை வேடிக்கை பார்க்க வருகிறீர்கள் என்றால் டிக்கெட் காசு எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு என்பதுதான் போலின் கணக்கு.

2004-ல் கனெக்டிகட்டில் அவர் பயணித்த டாக்ஸி விபத்தில் கவிழ்ந்தது. தூக்கி எறியப்பட்டு கழுத்து எலும்பு முறிந்தது. மருத்துவக் காப்பீடு கிடையாது. பிழைத்தார், ஆனால் பழைய நடை திரும்பவில்லை.

கடைசிப் பயணம்

பிறகு அவர் பிடித்துக்கொண்டது பள்ளிக்கூடம். சூடான் சன்ரைஸ் என்ற அமைப்போடு சேர்ந்து 41 பள்ளிகள் கட்ட வேண்டும் என்பது திட்டம். முதல் பள்ளி சொந்த ஊர் துராலேயில். அந்தக் கட்டுமானத்தில் டார்ஃபூர் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம்களும் கைகோத்தார்கள். மதம் மாற மறுத்ததற்காகச் சிறைவைக்கப்படாத குறையாக இருந்த மனிதர், இரு மதப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் இடமாக அதை நினைத்தார்.

2010-ல் பள்ளி வேலையாகப் போனவர், தெற்கின் தலைவர் சல்வா கீர் கேட்டுக்கொண்டதால் தேர்தல் நேரத்தில் கூடுதலாகத் தங்கினார். அங்கேயே உடம்பு கெட்டது. சிறுநீரகம் பழுதாகி, சாப்பிட்ட மருந்து ஒன்றின் எதிர்வினையாகத் தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயும் சேர்ந்துகொண்டது. 2010 ஜூன் 19-ல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகர மருத்துவமனையில் இறந்தார். பதிவுப்படி வயது 47. உடல் துராலேய்க்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது. ஓராண்டு கழித்து, 2011 ஜூலை 9-ல் தெற்கு சூடான் தனிநாடானது.

மகன் போல் போலும் ஏழடி தாண்டியவர்; 2019 டிராஃப்ட் வழியாக என்பிஏவுக்கு வந்தார். ஆனால் போலின் ஆட்டத்துக்கு வேறொரு வாரிசும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் எகிப்தில் அகதியாக இருந்த ஒரு டிங்கா குடும்பத்துப் பையன்களுக்கு அவர் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். அதில் ஒரு சிறுவன் லுவோல் டெங். பின்னாளில் என்பிஏவில் இரண்டு முறை ஆல்-ஸ்டார் ஆன டெங், ஓய்வுக்குப் பின் தெற்கு சூடான் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். சொந்தக் காசைப் போட்டு ஒரு தேசிய அணியை உருவாக்கினார். சொந்த நாட்டில் ஒழுங்கான ஓர் உள்ளரங்குகூட இல்லாத அந்த அணி 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது.

ஜூலை 28-ம் தேதி முதல் ஆட்டம், புவேர்ட்டோ ரிக்கோவுக்கு எதிராக. தேசிய கீதத்துக்காக வீரர்கள் வரிசையாக நின்றபோது, ஏற்பாட்டாளர்கள் தவறுதலாக ஒலிக்கவிட்டது சூடானின் கீதம். அரங்கில் கூச்சல் கிளம்பியது, பாட்டு பாதியில் நின்றது. சில நிமிடங்கள் கழித்து தெற்கு சூடானின் கீதம் ஒலித்தது. நெஞ்சில் கை வைத்துக் கேட்டார்கள். ஆட்டத்தை 90-79 என்ற கணக்கில் ஜெயித்தார்கள்.